வெள்ளியா, முத்திரையா, அருமையா? நினைவு நாணயத்தின் மதிப்பை அளக்கும் வழிகள்

தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நிறைவையொட்டி 2010 இல் இந்திய அரசு வெளியிட்ட பெரிய நினைவு நாணயத்தில் 1000 ரூபாய் என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. அதன் எடை 35 கிராம். அதில் 80 விழுக்காடு வெள்ளி, எஞ்சியது செம்பு. அதற்கு நாணயச் சாலை வைத்த விலை ஒன்று, ஏலத்தில் சேகரிப்பாளர் தரும் விலை வேறொன்று, வெள்ளி வியாபாரி போடும் கணக்கு இன்னொன்று. ஒரே வில்லைக்கு இத்தனை மதிப்புகள் இருக்கும்போது அவற்றுள் எது அதன் மதிப்பு என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. நாணயம் என்ற பொருள் தோன்றிய நாள் முதலே இக்கேள்வியும் இருந்துவருகிறது.

இதை ஆராயக் கொங்கு நாடு பொருத்தமான களம். சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில், சங்ககாலத் தொழில் ஊரான கொடுமணல் இருக்கிறது. அதே ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த கத்தாங்கண்ணியில் 1913 இல் 233 ரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842, 1891, 1931 என மூன்று முறை ரோம வெள்ளிக் குவியல்கள் வெளிப்பட்டன. அயல்நாட்டு முத்திரை பொறித்த வெள்ளியை எப்படி மதிப்பது என்ற சிக்கலை இப்பகுதி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்திருக்கிறது. பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியத்தின் நூற்றாண்டுக்காக 2010 இல் 100 ரூபாய் நினைவு நாணயம் வெளிவந்தபோது அதே சிக்கல் வேறு வடிவில் திரும்பியது.

இக்கேள்விக்கு இதுவரை தரப்பட்ட விடைகளை நான்காக வகுக்கலாம்: உலோகம், அரசின் முத்திரை, அருமையும் தரமும், வரலாற்றுச் சான்று.

எது நினைவு நாணயம்?

விடைகளுக்குள் போகுமுன் பொருளை வரையறுப்பது நல்லது. அரசு தன் சட்ட அதிகாரத்தால், முக மதிப்புடன், ஒரு நபரையோ நிகழ்வையோ நிறுவனத்தையோ நினைவுகூர்ந்து வெளியிடுவதே நினைவு நாணயம். சுதந்திர இந்தியாவில் இந்த வரிசை 1964 இல் நேருவின் உருவம் தாங்கிய நாணயங்களுடன் தொடங்கியது. அவை நிக்கலில் அடிக்கப்பட்டவை. வெள்ளி, காந்தி நூற்றாண்டான 1969 இல் 10 ரூபாய் நாணயமாக வந்தது.

நகைக் கடைகளில் விற்கப்படும் லட்சுமி, விநாயகர் உருவம் பொறித்த வெள்ளிக் காசுகள் இந்த வரையறைக்குள் வாரா. அவை தனியார் பதக்கங்கள். தூய்மை அதிகம், முக மதிப்பு இல்லை. ராமர் பட்டாபிஷேகக் காட்சியுடன் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 போன்ற ஆண்டுகளும் பொறித்துச் சந்தையில் உலவும் காசுகளும் கம்பெனி வெளியிட்டவை அல்ல. பிற்காலத்தில் செய்யப்பட்ட வில்லைகள். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குவோர் ஏமாறும் முதல் இடம் பெரும்பாலும் இதுதான்.

எல்லைக்கோடு எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. கொங்குக் குவியல்களில் மிகுதியாகக் காணப்படும், ரோமப் பேரரசர் அகஸ்டஸின் தெனாரியஸ் என்னும் வெள்ளிக் காசு வகை ஒன்றில் அவருடைய பேரர்கள் காயுஸும் லூக்கியுஸும் கேடயங்களுடன் நிற்கிறார்கள். பொ.ஆ.மு. 2 ஆம் ஆண்டையொட்டி அடிக்கத் தொடங்கிய இந்தக் காசு, அவர்களுக்குத் தரப்பட்ட சிறப்பை உலகுக்கு அறிவித்தது. அன்றாடப் புழக்கத்துக்கு அடிக்கப்பட்டதால் அதை இன்றைய பொருளில் நினைவு நாணயம் என்று சொல்ல முடியாது. ஆயினும் செய்தி சொல்லும் வெள்ளிக் காசு என்ற வகையில் அதன் மூதாதை என்று கொள்ளலாம்.

முதல் விடை: எடையும் மாற்றும்

நாணயம் என்பது அதிலுள்ள உலோகமே. முத்திரை அந்த எடைக்கும் தூய்மைக்கும் தரப்பட்ட உறுதிமொழி மட்டுமே என்பது மிகப் பழைய விடை. சங்கப் புலவர்களின் பெயர்களில் வரும் ‘வண்ணக்கன்’ என்ற அடைமொழி நாணயம் நோட்டம் பார்ப்பவரைக் குறிப்பதாக உரைகள் கொள்கின்றன. காசைத் தேர்ந்தறிவது தனித் தொழிலாக இருந்திருக்கிறது என்றால், முத்திரையை மட்டும் நம்பி யாரும் காசை வாங்கவில்லை என்று ஊகிக்க இடமுண்டு. இலங்கை மன்னர் ஒருவர், வெவ்வேறு உருவங்கள் பொறித்த தெனாரியஸ்கள் அனைத்தும் ஒரே எடையில் இருப்பதைக் கண்டு ரோமரின் நேர்மையை வியந்ததாக ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அக்கதையில் மன்னரைக் கவர்ந்தது உருவமன்று, எடை.

கொங்குக் குவியல்களைப் பற்றிய விவாதமும் இதையே சுற்றி வருகிறது. அவற்றில் அகஸ்டஸ், திபேரியுஸ் காலத்து வெள்ளிக் காசுகள் மிகுந்தும் நீரோவுக்குப் பிந்தியவை அரிதாகவும் உள்ளன. ரோம வணிகம் அந்தக் காலத்தில் உச்சம் தொட்டுப் பின் தளர்ந்ததே காரணம் என்று 1904 இல் ராபர்ட் சிவெல் விளக்கினார். வேறு சிலர் பொ.ஆ. 64 அளவில் நீரோ தெனாரியஸின் எடையையும் தூய்மையையும் குறைத்ததைச் சுட்டி, இங்கிருந்த வணிகர்கள் பழைய நல்ல வெள்ளியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றனர். பழைய காசுகளே பல பதிற்றாண்டுகளுக்குப் பிறகும் ஏற்றுமதிக்குப் பயன்பட்டிருக்கலாம், ஆகவே காசின் ஆண்டை வணிகத்தின் ஆண்டாகக் கொள்ளக்கூடாது என்பது மூன்றாவது கருத்து. இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. இரண்டிலும் உலோகக் கணக்கே முன் நிற்கிறது.

இன்றைய நினைவு நாணயங்களுக்கு இந்த அளவுகோலைப் பொருத்தினால் தெளிவான ஒரு சரிவு தெரிகிறது. 1835 ஆம் ஆண்டின் கம்பெனி ரூபாய் ஏறத்தாழ 11.66 கிராம் எடை. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதாவது ஒரு ரூபாய்க்குப் பத்தரைக் கிராமுக்கு மேல் தூய வெள்ளி. 1969 இன் காந்தி 10 ரூபாய் 15 கிராம், 80 விழுக்காடு வெள்ளி, ரூபாய்க்கு 1.2 கிராம். 1972 இல் சுதந்திர வெள்ளிவிழா 10 ரூபாய் 22.5 கிராமாகக் கனத்தாலும் வெள்ளி 50 விழுக்காடாகக் குறைந்ததால் உள்ளிருந்தது 11.25 கிராமே. 1980களிலிருந்து நெடுங்காலம் வழக்கிலிருந்த 35 கிராம், 44 மில்லிமீட்டர் 100 ரூபாய் நாணயத்தில் வெள்ளி 50, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 விழுக்காடு. தூய வெள்ளி 17.5 கிராம். சி. சுப்பிரமணியம் நாணயமும் அண்ணா நூற்றாண்டு நாணயமும் இவ்வகையே. தஞ்சைக் கோயில் நாணயத்தில் 28 கிராம் வெள்ளி இருந்தாலும் ரூபாய்க் கணக்கில் அது 0.028 கிராம்தான்.

கணக்கிடும் முறை எளிது: மொத்த எடையைத் தூய்மை விகிதத்தால் பெருக்கி, அன்றைய வெள்ளி விலையால் மீண்டும் பெருக்க வேண்டும். கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 17.5 கிராம் வெள்ளிக்கு 1,750 ரூபாய். உலோகத்தைச் சோதிக்க, காசைச் சேதப்படுத்தும் உரைகல்லைவிட அடர்த்தி அளவீடு மேலானது. 80 விழுக்காடு வெள்ளிக் கலவையின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 10.1, நான்கு உலோகக் கலவைக்கு 9.5 அளவில் வரும். வெள்ளியே இல்லாத செம்பு-நிக்கல் 8.9ஐ ஒட்டியிருக்கும். எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி மேற்பரப்பின் கலவையைச் சில நொடிகளில் காட்டும். முலாம் பூசிய போலியில் அது ஏமாறக்கூடும் என்பதால் எடையையும் விட்டத்தையும் உடன் பார்ப்பது வழக்கம்.

இந்த விடைக்கு இரண்டு குறைகள் உண்டு. செல்லுபடியாகும் நாணயத்தை உருக்குவதை 2011 ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் தடைசெய்கிறது. ஆகவே உலோக மதிப்பு ஏட்டுக் கணக்காகவே நிற்கிறது. அதைப் பணமாக்கும் நேர்வழி அடைபட்டிருக்கிறது. இரண்டாவதாக, நான்கு உலோகக் கலவையிலிருந்து வெள்ளியைப் பிரிக்கச் செலவு பிடிக்கும். இவற்றையெல்லாம் தாண்டி, ஒரே எடையும் தூய்மையும் கொண்ட இரண்டு நாணயங்கள் சந்தையில் வெவ்வேறு விலைக்குப் போவதை இக்கோட்பாட்டால் விளக்க முடியாது.

இரண்டாம் விடை: அரசின் முத்திரை

காசின் மதிப்பு உலோகத்திலிருந்து வருவதில்லை, அரசின் ஆணையிலிருந்து வருகிறது என்பது எதிர்நிலை. இதன் கூறுகள் அர்த்தசாஸ்திரத்திலேயே உண்டு. அதில் சொல்லப்படும் வெள்ளிப் பணத்தில் 16 பங்கில் 4 பங்கு செம்பு, 1 பங்கு வேறு உலோகம். காசை அடிப்பதற்கு எட்டு விழுக்காடு, அதற்கு மேல் ஐந்து விழுக்காடு, சோதனைக்குத் தனிக் கட்டணம் என்று அரசு வசூலித்தது. உலோகத்துக்கும் காசுக்கும் இடையிலான அந்த இடைவெளி அரசின் உரிமையாகக் கருதப்பட்டது. 1905 இல் ஜெர்மானியப் பொருளியலாளர் கியோர்க் ஃப்ரீட்ரிக் க்னாப் இதைப் பணத்தின் அரசுக் கோட்பாடாக விரித்தெழுதினார். முகமது பின் துக்ளக் 14 ஆம் நூற்றாண்டில் வெள்ளிக்கு மாற்றாகச் செம்பு, பித்தளைக் காசுகளை வெளியிட்டு, கள்ளக் காசுகள் பெருகியதால் திரும்பப் பெற நேர்ந்ததை இக்கோட்பாட்டின் எல்லைக்குச் சான்றாகப் பலரும் காட்டுவர்.

சட்டப்படி இந்திய நினைவு நாணயமும் செல்லும் நாணயமே. 2011 ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு ரூபாயும் அதற்கு மேலுமான நாணயங்களை ஆயிரம் ரூபாய் வரையிலான தொகைக்குச் செல்லுபடியாக்குகிறது. ஆனால் இந்தப் பெரிய வெள்ளி நாணயங்கள் புழக்கத்துக்கு விடப்படுவதில்லை. நாணயச் சாலைகள் அவற்றைப் பெட்டியில் வைத்து, முக மதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு விற்கின்றன. 100 ரூபாய் என்று பொறித்த பொருளை அதைவிடப் பன்மடங்கு கொடுத்து வாங்கியவர் அதை மளிகைக் கடையில் நூறு ரூபாய்க்கு நீட்டப்போவதில்லை. அரசே முக மதிப்பைத் தன் விற்பனை விலையாகக் கொள்ளவில்லை என்பதால் இங்கே முத்திரைக் கோட்பாடு தன் ஊன்றுகோலை இழக்கிறது.

அமெரிக்காவின் முதல் நினைவு நாணயமான 1892 ஆம் ஆண்டின் கொலம்பஸ் அரை டாலர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிகாகோ கண்காட்சியில் அது ஒரு டாலருக்கு விற்கப்பட்டது. எதிர்பார்த்த அளவு விற்காததால் எஞ்சியவற்றுள் பல அரை டாலராகவே புழக்கத்துக்குப் போயின. நினைவு மதிப்பு தளர்ந்தால் முக மதிப்பு தாங்கிக்கொள்ளும். அதற்குமேல் அது எதையும் சொல்வதில்லை. ஆயினும் அரசின் முத்திரை இல்லையேல் வில்லை வெறும் பதக்கமாகிவிடும். அந்த அளவில் இந்த விடை நாணயத்தின் வரையறைக்கு உதவுகிறதே தவிர, அதன் விலையை நிர்ணயிக்க உதவவில்லை.

மூன்றாம் விடை: அருமையும் தரமும்

இன்றைய சேகரிப்பாளர்களிடையே மேலோங்கியிருப்பது சந்தை சார்ந்த பார்வை: எவ்வளவு அரிது, எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்பவையே மதிப்பைத் தீர்மானிக்கின்றன. நாணயச் சாலைக் குறிகள் இங்கே முக்கியமாகின்றன. ஆண்டெண்ணுக்குக் கீழே மும்பைக்கு வைர வடிவம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்கு வட்டப்புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறி இல்லை. ஒரே நினைவு நாணயம் புழக்கத்தில் படாத சாதாரண அடிப்பாகவும், கண்ணாடிபோன்ற பின்புலம் கொண்ட புரூஃப் ஆகவும் வரும். இரண்டாவதற்கு விலை கூடுதல்.

தரத்தை எண்ணால் சொல்லும் முறை 1949 இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கச் செம்புக் காசுகளுக்கு வகுத்த 1 முதல் 70 வரையான அளவுகோலிலிருந்து வந்தது. தர எண்ணும் விலையும் நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே அதன் அடிப்படை எண்ணம். அந்த விகிதம் விரைவில் பொய்த்துப்போனது. அளவுகோல் மட்டும் நிலைத்தது. 1980களின் பிற்பாதியில் தோன்றிய அமெரிக்கத் தரச்சான்று நிறுவனங்கள் நாணயத்தைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து எண் தரும் வழக்கத்தைப் பரப்பின. 69க்கும் 70க்கும் இடையிலான வேறுபாடு உருப்பெருக்கியில்கூடத் தெளிவாகத் தெரியாத அளவு சிறியதாக இருக்கலாம். விலை வேறுபாடோ பெரியது.

வெள்ளியின் வேதியியலும் தரத்தில் பங்கு கொள்கிறது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் மேற்பரப்பில் வெள்ளி சல்பைடைப் படியச் செய்கின்றன. நாணயம் மஞ்சளாகி, நீலமாகி, கறுக்கும். சீராகப் படிந்த நிறத்தைச் சேகரிப்பாளர் சிலர் விரும்பி வாங்குவதுண்டு. வீட்டு வெள்ளிப் பாத்திரத்தைத் துலக்குவதுபோல விபூதியோ பற்பசையோ இட்டுத் தேய்த்தால் நுண்கீறல் விழுந்து மதிப்பு சட்டென்று இறங்கும். மென்மையான பிவிசி உறைகள் காலப்போக்கில் பச்சைப் பிசினை விடுவதால் அவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள்.

அருமையை அளப்பதில்தான் இக்கோட்பாடு தடுமாறுகிறது. எத்தனை அடிக்கப்பட்டன என்பதும் எத்தனை எஞ்சியுள்ளன என்பதும் வேறு வேறு. ஐந்தாம் ஜார்ஜின் 1911 ஆம் ஆண்டு ரூபாயில் மன்னரின் சங்கிலியிலிருந்த யானை பன்றியைப்போல் தோன்றியதால் எதிர்ப்பு எழுந்தது. அந்த நாணயங்களில் பெரும்பகுதி உருக்கப்பட்டது. அடித்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் அது அரிதல்ல என்று முடிவு செய்துவிடுவார். 1918 இன் பிட்மன் சட்டப்படி அமெரிக்கா 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கியது. அந்த வெள்ளியில் பெரும்பங்கு இந்திய ரூபாய் அடிக்க வந்தது. எந்த ஆண்டின் டாலர்கள் எத்தனை உருகின என்று குறித்துவைக்கப்படாததால் அமெரிக்க நாணயவியலாளர் இன்றும் எஞ்சியவற்றை ஊகித்தே சொல்கின்றனர். இந்திய நினைவு நாணயங்களில் சிக்கல் தலைகீழானது. வாங்கியவர் எவரும் செலவழிப்பதில்லை, பெட்டியோடு பூட்டி வைக்கிறார். ஆகவே ஏறத்தாழ எல்லாமே நல்ல நிலையில் எஞ்சியிருக்கக்கூடும். எல்லோரும் பாதுகாப்பது எளிதில் அரிதாவதில்லை.

விருப்பம் என்பதும் நிலையான அளவன்று. காமராஜர், அண்ணா, எம்.ஜி.ஆர்., எம்.எஸ். சுப்புலட்சுமி நாணயங்களுக்குத் தமிழ்நாட்டில் உள்ள ஈர்ப்பு வடமாநில ஏலங்களில் அதே அளவு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பற்று விலையாக மாறும் இந்த இடத்தில் மோசடியும் நுழைகிறது. வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த, புழக்கத்துக்கு வந்த சாதாரண நாணயங்கள் லட்சக்கணக்கில் விலைபோவதாக விளம்பரங்கள் பரவின. பழைய நாணயம், நோட்டு விற்பனையில் தன் பெயரைப் பயன்படுத்திக் கட்டணம் கேட்போரை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

நான்காம் விடை: வரலாற்றுச் சான்று

வரலாற்றாசிரியரின் நோக்கில் நாணயத்தின் மதிப்பு அது சொல்லும் செய்தியில் இருக்கிறது. அந்தச் செய்தியில் பாதி நாணயத்தில் இல்லை, அது கிடைத்த இடத்தில் இருக்கிறது. குவியல் முழுமையாகப் பதிவானால் எந்த அரசரின் காசு எத்தனை, தேய்மானம் எவ்வளவு, எப்போது புதைக்கப்பட்டிருக்கலாம் என்று கணிக்க முடிகிறது. அதே காசுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து விற்கப்பட்டால் வெள்ளியின் எடையும் சந்தை விலையும் குறைவதில்லை. சான்று மட்டும் அழிந்துவிடுகிறது.

கரூர் அமராவதிப் படுகையில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசுகள் இதன் இரு பக்கங்களையும் காட்டுகின்றன. தலையுருவமும் தமிழ்-பிராமியில் ‘மாக்கோதை’ என்ற எழுத்தும் கொண்ட காசைச் சேகரிப்பாளரும் ஆய்வாளருமான இரா. கிருஷ்ணமூர்த்தி வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். தனியார் சேகரிப்பு இல்லையேல் இவை உருக்குக் கடைக்குப் போயிருக்கலாம். மறுபுறம், ஆற்று மணலிலிருந்தும் வணிகர் கைகளிலிருந்தும் வந்ததால் அகழாய்வு தரும் மண்ணடுக்குச் சான்று இவற்றுக்கு இல்லை. காலத்தைக் கணிக்க எழுத்தமைதியையும் ரோமக் காசுகளின் சாயலையும் நம்ப வேண்டியிருக்கிறது.

சட்டம் இந்த நோக்கின் பக்கம் நிற்கிறது. 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. நொய்யல் கரைத் தோட்டத்தில் ஏர் முனையில் காசு தட்டுப்பட்டால் பொருந்துவது இந்தச் சட்டங்களே; சேகரிப்பாளரின் விலைப்பட்டியல் அன்று.

நவீன நினைவு நாணயங்களுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது என்று சிலர் வாதிடுவர்: அரசிதழில் எல்லாம் பதிவாகியிருக்க, நாணயம் புதிதாக எதைச் சொல்லப்போகிறது? இந்த வாதம் முழுமையானதன்று. 1970களின் இந்திய வெள்ளி நாணயங்களில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்புடன் இணைந்து ‘அனைவருக்கும் உணவு’, உணவு உற்பத்தி, அளவான குடும்பம் ஆகிய கருப்பொருள்கள் வருகின்றன. பஞ்சத்தை அஞ்சிய ஓர் அரசு எதை வெள்ளியில் பொறிக்கத் தகுந்ததாகக் கருதியது என்பதற்கு அவை சான்று. அதற்குச் சற்று முன் பசுமைப் புரட்சிக்கு உணவு அமைச்சராக வழிவகுத்த சி. சுப்பிரமணியத்தை 2010 நாணயம் நினைவுகூர்ந்ததையும் அந்த வரிசையோடு சேர்த்துப் படிக்கலாம். யாருக்கு நாணயம், யாருக்கு அஞ்சல் தலை என்ற தேர்வும் ஆய்வுக்குரியது: சென்னிமலையில் பிறந்த திருப்பூர் குமரனுக்கு 2004 இலும் தீரன் சின்னமலைக்கு 2005 இலும் அஞ்சல் தலைகள் வெளிவந்தன. ஆனால் இந்த வரலாற்று மதிப்பை ரூபாயில் சொல்ல ஒப்புக்கொண்ட முறை எதுவும் இல்லை. இதுவே இவ்விடையின் குறை.

தீர்ந்தவையும் தீராதவையும்

நான்கு விடைகளும் ஒரே கேள்விக்குப் போட்டியிடுவதுபோல் தோன்றினாலும் உண்மையில் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. முத்திரை, பொருள் நாணயமா பதக்கமா என்பதைத் தீர்க்கிறது. உலோகம், விலை எந்த அளவுக்குக் கீழே எளிதில் இறங்காது என்பதைச் சொல்கிறது. உருக்கும் வழி அடைபட்டிருப்பதால் அதுவும் உறுதியான தரையன்று. அருமையும் தரமும் அந்தத் தரைக்கு மேல் உள்ள கூடுதலை விளக்குகின்றன. கிடைத்த இடமும் பதிவும், விலையாக மாறாத மதிப்பைக் காக்கின்றன. சேகரிப்பாளர் ஒருவர் இந்த வரிசையிலேயே சோதிப்பது தகும்: முதலில் உண்மைத்தன்மை, அடுத்து எடையும் தூய்மையும், பிறகு அடிப்பின் வகையும் நிலையும், கடைசியில் சந்தை விலை.

மூன்று கேள்விகள் திறந்தே இருக்கின்றன. இந்திய வெள்ளி நினைவு நாணயங்களில் ஒவ்வொரு வகையும் எத்தனை அடிக்கப்பட்டன, எத்தனை விற்றன என்ற முழுமையான பட்டியல் பொதுவில் எளிதாகக் கிடைக்காதவரை அருமை பற்றிய கூற்றுகளைத் தற்காலிகமானவையாகவே கொள்ள வேண்டும். வெள்ளி விலை ஏறும்போது நினைவு நாணயங்களின் விலையும் ஏறினால், அந்த ஏற்றத்தில் சேகரிப்பாளரின் பங்கு எவ்வளவு, உலோகத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறியத் தொடர்ச்சியான ஏல விலைப் பதிவு வேண்டும். நொய்யல் கரையில் ரோமக் காசைப் பெற்றவர் அதை வெள்ளிக் கட்டியாகக் கொண்டாரா, காசாகச் செலவிட்டாரா, இரண்டுமாகவா என்பது மூன்றாவது கேள்வி. குவியல்களுக்கு வெளியே, குடியிருப்பு மண்ணடுக்குகளில் கிடைக்கும் தனிக் காசுகளே அதற்கு விடை தரக்கூடும். இப்போதுள்ள சான்றுகளைக் கொண்டு, வெள்ளி நினைவு நாணயத்தின் மதிப்பை ஒற்றை எண்ணில் சொல்லும் எந்தக் கூற்றையும் ஐயத்துடன் அணுகுவதே பொருத்தம்.